ஒக்லாள்: பானை ஓட்டில் ஒரு பெயர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. கவுன்டரில் கூட்டம் மொய்க்கும் நேரம். அண்ணன் தம்பி இரண்டு பேர் என் மேஜைக்கு வந்தார்கள். அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது, அவர் பேரில் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது, நாமினேஷன் போடவில்லை. கிளெய்ம் ஃபாரத்தைப் பூர்த்தி செய்தே கொண்டுவந்திருந்தார்கள். வாரிசுகள் என்ற கட்டத்தில் மூன்று பெயர்: அம்மா, மூத்தவர், இளையவர்.

வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். கூடப்பிறந்த சகோதரிகள் யாராவது உண்டா?

"மூன்று பேர். லேகின் உன்கீ தோ ஷாதி ஹோ கயீ, சார்."

கல்யாணம் ஆகிவிட்டதாம். அதனால் பட்டியலில் இல்லையாம். இதில் அவர்களிடம் வஞ்சகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மழை பெய்தால் தரை நனையும் என்பதுபோல் சொன்னார்கள். இருபது வருஷ சர்வீஸில் இதே வசனத்தை இந்தியில், மராத்தியில், தெலுங்கில், நம் தமிழிலும் கேட்டாயிற்று. ஐந்து பிள்ளைகள் பெயரையும் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தபோது ஐந்து பெயர்கள் வரிசையாக வாயில் வந்தன. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள்.

பாளையங்கோட்டையில் நான் படித்தது கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். வருஷாவருஷம் வேதாகம மனப்பாடப் போட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டில் கும்பிடுகிற சாமி வேறு. ஆனால் போட்டி என்றால் போட்டிதானே? மற்ற பையன்கள் சங்கீதத்தைப் பிடித்துக்கொள்ள, எனக்கு வாய்த்தது எண்ணாகமம் 26-ஆம் அதிகாரம். இன்னாரின் குமாரன் இன்னார், அவன் வழி வந்த குடும்பம் இன்னது என்று முழுக்க முழுக்கப் பெயர்ப் பட்டியல். ஒரு பெயர் தவறாமல் ஒப்பித்து ஒரு டிபன் பாக்ஸ் வாங்கினேன் :-) அர்த்தம் எதுவும் தெரியாது. இத்தனை ஆண்கள் நடுவில் திடீரென்று ஐந்து பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை.

முப்பது வருஷம் கழித்துக் கேட்கத் தோன்றியது. தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் அந்தப் பட்டியல் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம்.

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர், யோர்தான் நதிக்கு இக்கரையில் கானான் தேசத்துக்குள் நுழையக் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. யுத்தத்துக்குப் போகத் தக்க, 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டும். மனாசே கோத்திரத்தில் 52,700 பேர். எல்லாக் கோத்திரமும் சேர்ந்து 6,01,730 பேர். (இந்தத் தொகையை அப்படியே வரலாறு என்று இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வதில்லை. அது வேறு கதை.)

கணக்கு முடிந்த உடனே அடுத்த உத்தரவு வருகிறது: இந்தப் பெயர்களின்படிதான் நிலம் பிரிக்கப்படும். பெரிய குடும்பத்துக்குப் பெரிய பங்கு, சிறிய குடும்பத்துக்குச் சிறிய பங்கு, எந்த இடம் யாருக்கு என்பது சீட்டுப் போட்டு.

அதாவது இது ஜனனப் பதிவேடு அல்ல. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் பட்டாவுக்கு முந்தைய அடங்கல். பேர் இருந்தால் நிலம், பேர் இல்லையென்றால் இல்லை. காமர்ஸ் படித்தவனுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். 'யார் யாருக்குப் பிறந்தான்' என்று படித்தால் தூக்கம் வருகிற அதிகாரம், 'யாருக்கு எவ்வளவு' என்று படித்தால் கண் விழித்துக்கொள்கிறது.

இப்போது மனாசேயின் கிளைக்கு வருவோம். யோசேப்பின் மூத்த மகன் மனாசே. அவன் மகன் மாகீர். மாகீரின் மகன் கீலேயாத். கீலேயாத்துக்கு ஆறு மகன்கள், ஆறு குடும்பங்கள்: அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமீதா, ஏபேர். (பின்னாளில் மீதியானியரை முறியடித்த கிதியோன் இந்த அபியேசர் குடும்பத்துக்காரர்.) கடைசியில் வரும் ஏபேரின் மகன் செலொப்பியாத். அவனுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஐந்தும் பெண்.

விதிப்படி ஏபேரின் வரி இந்த இடத்தில் அறுந்துபோக வேண்டும். பங்கு சித்தப்பா பெரியப்பா பக்கம் போய்விடும். செலொப்பியாத் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு அடையாளமே இருக்காது.

அடுத்த அதிகாரத்தில், ஐந்து பெண்களும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கே வந்து நிற்கிறார்கள். எதிரே மோசே, ஆசாரியன் எலெயாசார், பிரபுக்கள், சபை முழுவதும். நம் கலெக்டர் ஆபீஸ் மனுநீதி நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கலெக்டரோடு மந்திரிசபையும் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வாதம் அழுகையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. எங்கள் அப்பா வனாந்தரத்தில் இறந்துபோனார். கோராகின் கலகக் கூட்டத்தில் அவர் சேரவில்லை. தன் பாவத்தில்தான் இறந்தார். மகன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் பேர் குடும்பத்திலிருந்து ஏன் அற்றுப்போக வேண்டும்? அப்பாவின் சகோதரர்களுக்கு நடுவே எங்களுக்கும் காணி கொடுங்கள். இவ்வளவுதான்.

இதில் கோராகை ஏன் இழுத்தார்கள்? கோராகு மோசேயின் அதிகாரத்தை எதிர்த்தவன். கலகம் செய்து செத்தவனுக்குப் பங்கு கிடையாது என்று யாராவது கிளப்பினால் அதற்கு முன்கூட்டியே பதில் வைத்துவிட்டார்கள். ஆட்சேபனை வரக்கூடிய இடத்தைத் தாங்களே அடைத்துவிட்டுத்தான் மனுவை நீட்டுகிறார்கள். இப்படித் தயாராக வருகிற கஸ்டமரை நான் வருஷத்துக்கு ஒருவரைப் பார்த்தால் அதிகம்.

மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் கொண்டுபோகிறார். பெண்கள் கேட்டது சரி என்று பதில் வருகிறது. கூடவே எல்லோருக்குமான வாரிசு வரிசையும் வருகிறது: மகன், மகன் இல்லையென்றால் மகள், மகளும் இல்லையென்றால் சகோதரர், அப்புறம் அப்பாவின் சகோதரர், அதற்கும் அப்புறம் நெருங்கிய உறவினர். ஐந்து பெண்களின் ஒரு மனு, ஊருக்கே சட்டமாகிவிட்டது.

உலகத்திலேயே இதுதான் முதல் என்று சொல்லிவிட முடியாது. இப்போதைய ஈராக்கில் லகாஷ் நகரத்தை ஆண்ட கூதேயா, மகன் இல்லாத வீட்டுக்கு மகளை வாரிசாக்கினேன் என்று தன் சிலையிலேயே எழுதி வைத்திருக்கிறார். அது கி.மு. 2100 வாக்கில். சிரியாவின் எமார் நகரத்தில் கிடைத்த கி.மு. 13-ஆம் நூற்றாண்டு உயில்களில், மகளை 'ஆணும் பெண்ணுமாக' அறிவித்துச் சொத்தை எழுதிவைத்த அப்பாக்கள் இருக்கிறார்கள். இங்கே வித்தியாசம் என்னவென்றால், ராஜாவோ அப்பாவோ கொடுத்ததாகக் கதை இல்லை. பெண்களே வந்து கேட்டதாகக் கதை.

*

அந்த 'தன் பாவத்தில் இறந்தார்' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என்ன பாவம்? எண்ணாகமம் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்ட இடம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பிற்கால யூத ரபிகள் அதை நிரப்பப் பார்த்தார்கள். அதே எண்ணாகமத்தில் 15-ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் விறகு பொறுக்கியதற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஒருவன் வருகிறான். பெயர் கிடையாது. அவன்தான் செலொப்பியாத் என்றார் ரபி அகிபா. உடனே இன்னொரு ரபி, யூதா பென் பெத்தேரா, மறுத்தார். நீ சொல்வது தப்பானால் ஒரு நீதிமான் மேல் பழி போட்டதாக ஆகும். நீ சொல்வது சரியானாலும் வேதம் மூடி வைத்ததை நீ திறந்துவிட்டாய். இரண்டுக்கும் நீ கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார். தல்மூதில் இந்த வாதம் இருக்கிறது.

எனக்கு இந்த இரண்டாவது ரபியை ரொம்பப் பிடித்துவிட்டது. செத்துப்போனவனின் பழைய கணக்கைத் தேவையில்லாமல் கிளறாதே என்று சொல்ல ஒருவர் வேண்டும். பெண்களுக்கும் அப்பாவை உத்தமராகக் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தப்புச் செய்திருப்பார், எல்லோரையும் போல. அதற்காகப் பேரை அழிக்கலாமா என்பதுதான் கேள்வி.

*

இதுவரை சொன்னது வேதாகமத்தில் உள்ள கதை. இனி மண்ணுக்குள் இருந்து வந்த கதை.

எருசலேமுக்கு வடக்கே, இப்போதைய நாப்லுஸ் நகரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் செபாஸ்தியா என்று ஒரு ஊர். பழைய சமாரியா இதுதான். இந்த ஊருக்கே ஒரு கிரயக் கதை உண்டு. இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யத்தை ஆண்ட உம்ரி ராஜா, சேமேர் என்பவனிடமிருந்து இந்த மலையை இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கித் தலைநகரம் கட்டினார். ஒரு தாலந்து 30 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விற்றவன் பேரையே ஊருக்கு வைத்தார். அதற்கு முன்னால் தலைநகரம் எங்கே இருந்தது? திர்சா என்ற ஊரில். இந்தத் திர்சா நம் ஐந்தாவது பெண்ணின் பெயர்தான் என்பதைக் கவனியுங்கள்.

1908 முதல் 1910 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகம் சமாரியாவில் தோண்டியது. 1910-இல் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையில் தோண்டியபோது, அரண்மனைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. கீழடி ஓடுகளில் பெயரைக் கீறியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். இங்கே கீறவில்லை, மையால் எழுதியிருக்கிறார்கள். நூற்றுச் சொச்சம் ஓடுகள், அதில் அறுபதுக்கு மேல் படிக்க முடிகிறது. காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. இரண்டாம் யெரொபெயாம் ராஜா காலம், அல்லது அவர் அப்பா யோவாஸ் காலமும் சேர்ந்து என்கிறார்கள். அப்போது சமாரியா துருக்கியரின் ஒட்டோமான் பேரரசில் இருந்ததால் ஓடுகள் இஸ்தான்புல் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

என்ன எழுதியிருந்தது? கவிதையா, பிரார்த்தனையா? ஒன்றும் இல்லை. வவுச்சர்!

ஒன்பதாம் வருஷம், அல்லது பத்தாம் வருஷம், அல்லது பதினைந்தாம் வருஷம். இன்ன ஊரிலிருந்து. இன்னாருக்கு. பழைய திராட்சரசம் ஒரு ஜாடி, அல்லது சுத்தம் செய்த எண்ணெய் ஒரு ஜாடி. தேதி, கிளை, பார்ட்டி பெயர், விவரம். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

இதிலும் ஒரு டெபிட்-கிரெடிட் தகராறு உண்டு. ஆள் பெயருக்கு முன்னால் 'ல' என்ற ஒரே ஒரு எபிரேய எழுத்து நிற்கிறது. அதற்கு 'அவருக்கு' என்றும் கொள்ளலாம், 'அவருடைய' என்றும் கொள்ளலாம். சரக்கைக் கொடுத்தவர் கணக்கில் வரவு வைத்த வரிச்சீட்டு அது என்று ஒரு கட்சி. அரண்மனையில் இருந்த பெரிய மனிதர்களுக்கு அவரவர் நிலத்திலிருந்து வந்த சரக்கு என்று இன்னொரு கட்சி. யிகாயேல் யாதின், ஆன்சன் ரெய்னி போன்ற பெரிய பெரிய ஆட்கள் வருஷக்கணக்காக மோதியிருக்கிறார்கள். ஒரு எழுத்து எந்தப் பக்கம் விழுகிறது என்பதற்கு! ஆடிட் நடக்கும் வங்கியில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சீட்டுகளில், குறிப்பாகப் பதினைந்தாம் வருஷத்துச் சீட்டுகளில், ஊர்ப் பெயரோடு ஒரு குடும்ப வட்டாரத்தின் பெயரும் வருகிறது. நம்ம பக்கம் கிராமத்தோடு குறுவட்டத்தைச் சேர்த்து எழுதுவதுபோல. அந்த வட்டாரங்களின் பெயரைப் பாருங்கள்: அபியேசர், ஏலேக், அஸ்ரியேல், சீகேம், செமீதா.

நான் டிபன் பாக்ஸ் வாங்கிய பட்டியல்! கீலேயாத்தின் ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் அப்படியே இருக்கிறார்கள். ஆறாவது ஏபேரைக் காணோம். அவன் இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறது.

நோவாள். ஒக்லாள்.

(பேழை கட்டிய நோவா வேறு, எபிரேயத்தில் எழுத்தே வேறு. ஒக்லாள் என்றால் கவுதாரி.)

ஏபேரின் பேத்திகள் இரண்டு பேர், 2,700 வருஷத்துக்கு முன்னால், கணக்குப் பிள்ளை மையால் எழுதிய சீட்டில், ஆண்களின் வட்டாரங்களோடு சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணாகமம் இப்போதுள்ள வடிவத்தைப் பெற்றது இதற்கெல்லாம் பிந்தி, பாபிலோன் சிறையிருப்புக் காலத்திலோ அதற்குப் பின்னரோ என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஓட்டில் எழுதியவன் வேதத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. அவனுக்கு ஒக்லாள் புண்ணிய கதையில் வரும் பெண் அல்ல; எண்ணெயோ திராட்சரசமோ வந்து சேர வேண்டிய ஒரு வட்டாரம்.

யோசுவா புத்தகத்தின் 17-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு கூட்டல் கணக்கும் இருக்கிறது. யோர்தானுக்கு மேற்கே மனாசேக்குப் பத்துப் பங்கு விழுந்தது என்கிறது. ஆறு மகன்களுக்கு எப்படிப் பத்து? ஏபேரைக் கழித்தால் ஐந்து, பேத்திகள் ஐந்து, ஆகப் பத்து. டேலி ஆகிறது.

*

இங்கே ஒரு கேள்வி வரும். பெண்ணின் பேரால் ஊரா, ஊரின் பேரால் பெண்ணா?

ஆய்வாளர்களில் நிறையப் பேர் இரண்டாவதைச் சொல்கிறார்கள். திர்சா கானானியர் காலத்திலேயே இருந்த ஊர். நாப்லுஸுக்கு வடகிழக்கே தெல் எல்-ஃபாரா என்ற மேடுதான் அது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1946 முதல் 1960 வரை ரோலான் த வோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே தோண்டியிருக்கிறார். யோசுவா தோற்கடித்த ராஜாக்களின் பட்டியலில் திர்சாவின் ராஜாவும் வருகிறார், ஏபேரின் ராஜாவும் வருகிறார். சீகேம் என்பதும் பழைய நகரம்தான். ஆக, ஊர்களும் வட்டாரங்களும் முன்பே இருந்தன. அவற்றுக்குள் இருந்த உறவை அப்பா, பிள்ளை, பேத்தி என்று குடும்பமாக வரைந்துகொண்டார்கள் என்பது அவர்கள் வாதம்.

இப்படி நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டில் கொன்ஜா என்று ஒரு ராஜ்யம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் அவர்களிடம் வம்ச வரலாறு கேட்டு எழுதினார்கள். ராஜ்யத்தை உண்டாக்கிய ஜக்பாவுக்கு ஏழு மகன்கள், ஏழு பிரிவுகள் என்று சொன்னார்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் இரண்டு பிரிவுகள் எல்லை மாற்றத்திலும் மற்றதிலும் மறைந்துபோயின. அறுபது வருஷம் கழித்து மறுபடி கேட்டபோது, ஜக்பாவுக்கு ஐந்து மகன்கள் என்றார்கள்! யாரும் பொய் சொல்லவில்லை. நிலம் போன பிறகு பிள்ளையும் ஞாபகத்திலிருந்து போய்விட்டான். ஜாக் கூடியும் இயன் வாட்டும் 1963-இல் எழுதிய கட்டுரையால் இது பிரபலமான உதாரணம்.

அப்படியே ஒக்லாள் என்ற பெண் நிஜத்தில் இல்லை, வட்டாரம் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டாலும், எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மற்ற ஐந்து வட்டாரங்களை மகன்களாக்கியவர்கள், நோவாளையும் ஒக்லாளையும் ஏன் மகன்களாக்கவில்லை? இரண்டு ஆண் பெயர் போட்டிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். மனு வேண்டாம், சட்டம் வேண்டாம். பெண்கள் என்றே எழுதி, பெண்ணுக்கு எப்படி நிலம் வந்தது என்று பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பேர் பெண் பேர் என்று ஊர் உலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறைக்க முடியாதபடி தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது இதுதான். நிலத்தில் ஏறிய பேரை எந்தப் பட்டியல் எழுதுபவனாலும் சுலபமாக அழித்துவிட முடியவில்லை.

*

கதை அத்தோடு முடியவில்லை. எண்ணாகமத்தின் கடைசி அதிகாரத்தில் கீலேயாத் குடும்பத்துப் பெரியவர்கள் மோசேயிடம் வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் எங்கள் நிலம் அங்கே போய்விடுமே என்கிறார்கள். சொத்து வெளியே போகக்கூடாது! இந்த வசனம் எத்தனை பழையது பாருங்கள்.

அதற்கும் ஒரு தீர்ப்பு. மனதுக்குப் பிடித்தவனைக் கட்டலாம், ஆனால் அப்பாவின் கோத்திரத்துக்குள்தான் கட்ட வேண்டும். ஐந்து பேரும் அப்பாவின் சகோதரர் மகன்களைக் கட்டிக்கொண்டார்கள். நமக்குத் திக்கென்றிருக்கும், சித்தப்பா பெரியப்பா மகன் அண்ணன் முறை. அவர்கள் வழக்கத்தில் அது முறையான சம்பந்தம். கொடுத்த உரிமையை ஒரு கயிற்றில் கட்டித்தான் கொடுத்தார்கள் என்பது உண்மை. மகன் இருக்கிற வீட்டில் மகளுக்கு ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. இதைப் புரட்சி என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? அந்த அதிகாரம் ஐந்து பெண்களின் பேரையும் மறுபடி சொல்கிறது. கட்டிக்கொண்ட ஐந்து மாப்பிள்ளைகளில் ஒருவன் பேர்கூட இல்லை.

கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியர்கள் சமாரியாவைப் பிடித்தார்கள். 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்தினேன் என்று அசீரிய ராஜா சர்கோன் தன் கல்வெட்டுகளில் பெருமை பேசுகிறார். அந்த வடக்கு ராஜ்யம் அத்தோடு முடிந்தது. தூக்கிக்கொண்டு போனவர்களின் பேரன் பேத்திகள் எந்த ஊரில் எந்த பாஷை பேசினார்களோ. நோவாளும் ஒக்லாளும் மட்டும் ஓட்டில் தங்கிவிட்டார்கள்.

*

இப்போது என் வீட்டுக் கணக்கு.

வெளியூரில் இருக்கும் எல்லோரையும் போல நானும் பிள்ளைகளுக்காக ஒரு வம்சாவளி எழுதி வைத்திருக்கிறேன். தாத்தா, அவர் அப்பா, அதற்கு மேல் இரண்டு தலைமுறை வரை பேர் உண்டு. எல்லாம் ஆண்கள். தாத்தா கூடப் பிறந்த பெண்கள் நான்கு பேர். அவர்களை எனக்குப் புளியங்குடி ஆச்சி, கடையநல்லூர் ஆச்சி, சுரண்டை ஆச்சி, சங்கரன்கோவில் ஆச்சி என்றுதான் தெரியும். கட்டிக்கொடுத்த ஊர்தான் பேர். மனாசேயில் பெண்ணின் பேர் ஊருக்கு இருந்தது. எங்கள் வீட்டில் ஊரின் பேர் பெண்ணுக்கு வந்தது.

போன வாரம் அக்காவுக்கு போன் போட்டு, அந்த ஆச்சிகளின் நிஜப் பேர் தெரியுமா என்று கேட்டேன். நான்கையும் மூச்சு விடாமல் சொன்னாள். "அம்மா சொல்லிருக்காளே, நீ எங்கடா கேட்ட" என்றாள்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011-இல் அப்பா தவறிய பிறகு, தாத்தா வழி வந்த இரண்டு ஏக்கரும் கிணற்றுப் பங்கும் என் பேருக்கு மாற வேண்டியிருந்தது. பெரியவர்கள் சொன்னார்கள், அக்கா ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பத்திரம் எழுதியவர் வாசித்துக்கூடக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். 2005-இல் சட்டம் மாறி மகளுக்கும் மகனைப் போலவே பங்கு வந்துவிட்டது என்பது அங்கே இருந்தவர்களில் ஒருவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் வங்கியில் வாரிசு கிளெய்ம் பார்க்கிறவன். அவன் வாயைத் திறக்கவில்லை.

2016-இல் அந்த நிலத்தை விற்றுத்தான் இங்கே ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினேன்.

அந்த அண்ணன் தம்பிகளிடம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சட்டம் பேசும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

விற்ற விலை, அக்காவின் பாதி, இத்தனை வருஷ வட்டி எல்லாம் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சின்னத் தொகை இல்லை, வீட்டுக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரியிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்க அண்ணனும் நானும் போட்ட பத்திரம் ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அக்காவிடம் தாளைக் காட்டிவிட்டு எப்படி, எத்தனை தவணையில் என்று பேச வேண்டும்.

வம்சாவளி நோட்டில் ஆச்சிகளின் நான்கு பேரையும் எழுதிவிட்டேன். அப்பாவுக்குக் கீழே என் பேருக்கு முன்னால் அக்கா பேர். அவள்தானே மூத்தவள்.

அந்த கிளெய்ம் ஃபைல்? அண்ணன் தம்பி ஐந்து பேர் எழுதிய புது ஃபாரத்தோடு வந்தார்கள். இரண்டு சகோதரிகள் எங்களுக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது கையெழுத்து இல்லை. நேரில் வருகிறேன் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாராம்.

வரட்டும். நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.